ரெஜ் ஹாரிஸை ராலே உருவாக்கியதா?

கேள்வி இதுதான்: டிராக் சைக்கிள், அதாவது சரிவான வளைவுகள் கொண்ட பந்தயப் பாதையில் ஓட்டும் போட்டி, அதன் பழைய சாம்பியன்களைப் பற்றிப் படிக்கும்போது ரெஜ் ஹாரிஸ் என்ற ஆங்கிலேயரின் பெயரும் ராலே சைக்கிளின் பெயரும் எப்போதும் ஜோடியாகவே வருகின்றன. ராலே கம்பெனி கொடுத்த சைக்கிளும் சம்பளமும்தான் அவரை உலக சாம்பியன் ஆக்கினவா, இல்லை ஏற்கெனவே சாம்பியனாக இருந்தவரை அவர்கள் பிடித்துப் போட்டார்களா?

இரண்டாவதுதான் சரி. ராலே சட்டையைப் போடுவதற்கு முன்பே அவர் உலக சாம்பியன். ஆனால் அந்த ஒற்றை வரியோடு விட்டால் ராலேக்கும் அநியாயம், ஹாரிஸுக்கும் அநியாயம். அதனால் கொஞ்சம் பின்னாலிருந்து வருகிறேன்.

ஹாரிஸ் பிறந்தது 1920 மார்ச் 1, வட இங்கிலாந்தில் லங்காஷயர் பகுதியில் பரி என்ற மில் ஊருக்குப் பக்கத்தில். பதினாலு வயதில் பள்ளியை விட்டுவிட்டு மோட்டார் மெக்கானிக்கிடம் தொழில் பழகப் போனார். அந்த வயதில்தான் முதல் சைக்கிள். அவருக்குள் என்ன இருக்கிறது என்று முதலில் காட்டியது சாலையும் இல்லை, டிராக்கும் இல்லை. ஒரு சைக்கிள் கம்பெனி விளம்பரத்துக்காக நடத்திய ரோலர் போட்டி. உருளைகள் மேல் சைக்கிளை ஏற்றி, நின்ற இடத்திலேயே மிதிக்க வேண்டும், யார் வேகம் அதிகம் என்று பார்ப்பார்கள். நடத்தியது ஹெர்குலிஸ் கம்பெனி, ராலேயின் போட்டியாளர். அந்தப் பையனின் கால்களைப் பார்த்துவிட்டு, போய் ஒரு கிளப்பில் சேர் என்று சொல்லி அனுப்பினார்கள்.

அப்புறம் அவர் செய்தது எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. பரியில் ஒரு காகித ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார். குளிர்காலம் முழுக்க ஆலையில் உழைத்துக் காசு சேர்ப்பது, கோடையில் வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் சைக்கிள் ஓட்டுவது. ஸ்பான்சர் என்ற சொல்லே அவர் வாழ்க்கைக்குள் வராத நாட்களில் தனக்குத் தானே ஸ்பான்சராக இருந்திருக்கிறார் மனிதர். ஒரு விளையாட்டு வீரனுக்கு எல்லாவற்றையும் விட முதலில் தேவைப்படுவது நேரம் என்பது அவருக்கு அந்த வயதிலேயே தெரிந்திருக்கிறது. பின்னால் ராலே அவருக்குக் கொடுத்ததிலும் பெரியது அந்த நேரம்தான் என்பது என் கருத்து.

1939இல் உலகப் போட்டிக்குத் தேர்வாகி மிலான் போனார். அங்கே விகோரெல்லி என்று ஒரு மரப்பலகை டிராக், அந்தக் காலத்தில் ஐரோப்பாவின் வேகமான டிராக்குகளில் ஒன்று. அதில் பழகிக்கொண்டிருக்கும்போதே போர் மூண்டது, திரும்பி வரச் சொல்லிவிட்டார்கள். ராணுவத்தில் பத்தாவது ஹுசார் படைப்பிரிவில் டாங்கி ஓட்டுநராக வட ஆப்பிரிக்காவில் சண்டையில் இருந்து, காயம்பட்டு, ராணுவத்துக்கு உடல் தகுதியில்லை என்று அனுப்பப்பட்டார். அப்படி வெளியே வந்த ஆள் 1944இல் பிரிட்டிஷ் டிராக் பட்டங்களை வரிசையாக வென்றார். 1947இல் பாரிஸில், ஸ்பிரின்ட் என்ற குறுந்தூரப் பந்தயத்தில் அமெச்சூர் உலக சாம்பியன். அப்போது வயது 27.

அடுத்த வருடம் லண்டன் ஒலிம்பிக். சொந்த நாட்டில் நடக்கிறது, உலக சாம்பியன் வேறு, தங்கம் நிச்சயம் என்று எல்லோரும் எழுதிவிட்டார்கள். போட்டிக்குச் சுமார் மூன்று மாதம் இருக்கும்போது கார் விபத்தில் முதுகெலும்பில் இரண்டு எலும்புகள் முறிந்தன. அது தேறி மறுபடி டிராக்குக்கு வந்தவர், ஒலிம்பிக்குக்குச் சில வாரங்கள் முன்னால் மான்செஸ்டரில் ஃபாலோஃபீல்டு டிராக்கில் விழுந்து முழங்கையையும் உடைத்துக்கொண்டார். இந்த நிலையில் அதிகாரிகளோடும் தகராறு: அணியோடு லண்டனில் தங்கிப் பயிற்சி செய் என்கிறார்கள், நான் என் டிராக்கில்தான் பயிற்சி செய்வேன் என்கிறார் இவர். அணியை விட்டே நீக்கி, எதிர்ப்பு கிளம்பியதும் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். கடைசியில் ஸ்பிரின்டில் இத்தாலியின் மாரியோ கெல்லாவிடம் தோற்று வெள்ளி. இரண்டு பேர் ஒரே சைக்கிளை மிதிக்கும் டாண்டம் போட்டியில் ஆலன் பானிஸ்டரோடு இன்னொரு வெள்ளி. அந்த இறுதிப் போட்டி ஹெர்ன் ஹில் டிராக்கில் இருட்டும் நேரம் வரை இழுத்துக்கொண்டு போய் மூன்றாவது ஓட்டத்தில்தான் முடிவானது. முதுகும் முழங்கையும் ஒரே கோடையில் உடைந்தவர் எடுத்த இரண்டு வெள்ளி. என் கணக்கில் அவர் வாழ்க்கையின் பெரிய சாதனைகளில் இதற்கு இடம் உண்டு, தங்கம் இல்லை என்பதால் பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

இனித்தான் உங்கள் கேள்விக்குள் ராலே வருகிறது.

அன்று அமெச்சூர் என்றால் நிஜமாகவே அமெச்சூர், குறைந்தபட்சம் காகிதத்தில். ஓட்டுவதற்குச் சம்பளம் வாங்கக் கூடாது, உன் பெயரையோ படத்தையோ வைத்து ஒரு கம்பெனி சைக்கிள் விற்கக் கூடாது. தொழில்முறை வீரராக மாறினால் இதெல்லாம் செய்யலாம், ஆனால் ஒலிம்பிக் கதவு நிரந்தரமாக மூடிவிடும். உலகப் போட்டியிலும் அமெச்சூருக்கு ஒரு பட்டம், தொழில்முறைக்கு ஒரு பட்டம் என்று தனித்தனிதான். ஆகவே ஹாரிஸ் ஒலிம்பிக் முடியும்வரை காத்திருந்து, அதன்பிறகு ராலேயோடு சேர்ந்து தொழில்முறைக்கு வந்தார்.

ராலேக்கு இந்த விஷயத்தில் ஒரு பழைய அனுபவமும் இருந்தது, அதைச் சொல்லாமல் போக முடியாது. நாட்டிங்ஹாம் நகரத்தில் ராலே என்ற தெருவில் இருந்த சின்னப் பட்டறை அது. சைக்கிள் ஓட்டித் தன் உடம்பு தேறியது என்று நம்பிய ஃபிராங்க் பவுடன் என்பவர் 1880களின் கடைசியில் அதில் பணம் போட்டுப் பெரிய கம்பெனியாக வளர்த்தார். 1892இல் ஆர்தர் ஜிம்மர்மன் என்ற அமெரிக்க வீரர் இங்கிலாந்துக்கு வந்து ராலே சைக்கிளில் பந்தயங்களை அள்ளினார். பவுடன் அதை விளம்பரத்தில் போட்டுத் தள்ளினார். விளைவு, அடுத்த வருடம் ஜிம்மர்மன் வந்தபோது, நீ அமெச்சூர் இல்லை, ராலேயின் ஆள் என்று சொல்லி அங்கே ஓட்டவே விடவில்லை. அவர் சிகாகோ போய் முதல் உலகப் போட்டியில் இரண்டு பட்டங்களை வென்றார் என்பது வேறு கதை. சாம்பியன் ஒருவரின் பெயர் எத்தனை சைக்கிள் விற்கும், அதே பெயர் அந்த வீரரை எப்படிச் சிக்கலில் மாட்டும், இரண்டையும் ராலே ஹாரிஸ் பிறப்பதற்கு முன்பே பார்த்துவிட்டது.

1949இல், தொழில்முறையில் முதல் வருடமே, கோபன்ஹேகனில் உலக ஸ்பிரின்ட் பட்டம். 1950இல் பெல்ஜியத்தின் லியேஜ், 1951இல் மிலான் என்று தொடர்ந்து மூன்று. போர் வந்ததால் ஓட்ட முடியாமல் திரும்பிய அதே மிலான்! 1952இல் பட்டம் சுவிட்சர்லாந்தின் ஆஸ்கர் பிளாட்னருக்குப் போனது, 1953இல் நெதர்லாந்தின் ஆரி வான் வ்லீட்டுக்கு. முடிந்தது ஹாரிஸ் காலம் என்று நினைத்தபோது 1954இல் கொலோனில் நாலாவது முறை வென்றார், 34 வயதில். இடையில் 1952இல் மிலானில் நின்ற நிலையிலிருந்து ஒரு கிலோமீட்டரை 1 நிமிடம் 8.6 விநாடியில் முடித்த சாதனை தொழில்முறை வீரர்கள் பட்டியலில் பல ஆண்டுகள் அசையாமல் இருந்தது.

இந்த வெற்றிகளில் சைக்கிளின் பங்கு எவ்வளவு? இதற்குப் பதில் சொல்ல ஸ்பிரின்ட் என்றால் என்ன என்று தெரிய வேண்டும். பெயரைக் கேட்டால் கோட்டிலிருந்து கோடுவரை தலைதெறிக்க ஓட்டுவது என்று தோன்றும். அப்படி இல்லை. ஹாரிஸ் காலத்தில் ஆயிரம் மீட்டர் தூரம், பெரும்பாலும் இரண்டே பேர், அதில் கடைசி 200 மீட்டருக்கு மட்டும்தான் நேரம் குறிப்பார்கள். முன் பகுதி முழுக்க ஊர்வதுதான். காரணம் காற்று. முன்னால் போகிறவர் காற்றைக் கிழிக்க வேண்டும், பின்னால் ஒட்டி வருகிறவருக்கு அந்தச் சுமை பெரிதும் குறைகிறது, போதாததற்கு எதிராளி என்ன செய்கிறார் என்பதும் கண் முன்னால் தெரிகிறது. எனவே யாருக்கும் முன்னால் போக விருப்பம் இல்லை. நத்தை வேகம், அதற்கும் கீழே, கடைசியில் இரண்டு பேரும் அசையாமல் நின்றே விடுவார்கள்.

அந்த நிற்பதைக் கிட்ட இருந்து பார்க்க வேண்டும். டிராக் சைக்கிளில் பிரேக் கிடையாது, ஃப்ரீவீலும் கிடையாது; பின் சக்கரம் சுற்றினால் பெடலும் சுற்றும், பெடலைப் பின்னால் அழுத்தினால் சைக்கிளும் பின்னால் நகரும். கால் இரண்டும் பெடலோடு தோல் வாரால் கட்டியிருக்கும், இறங்கி ஊன்ற வழியில்லை. வளைவின் சரிவில் முன் சக்கரத்தை மேட்டுப் பக்கம் திருப்பி, பெடல்களைத் தரைக்கு இணையாக வைத்து, முன் காலில் கொஞ்சம் அழுத்தம், சரிவு கீழே இழுக்க மறுபடி கொஞ்சம் அழுத்தம் என்று அங்குலக் கணக்கில் ஆடிக்கொண்டே நிற்க வேண்டும். நான் ஃபிக்ஸட் வீல் சைக்கிளில் இதை முயன்ற முதல் நாள் நாலு விநாடி தாங்கினேன், தொடை நடுங்க ஆரம்பித்துவிட்டது. இவர்கள் நிமிடக் கணக்கில் நிற்பார்கள், அதுவும் கழுத்தைத் திருப்பி எதிராளியின் கண்ணையும் முன் சக்கரத்தையும் பார்த்தபடி. ஒருவர் தசை இறுகுவதை மற்றவர் கவனித்த அந்தக் கணத்தில் இரண்டு பேரும் பாய்வார்கள். முதல் பத்து மிதியில் பாதி முடிவு தெரிந்துவிடும்.

ஹாரிஸின் பலம் அந்தப் பாய்ச்சல். அவரோடு மோதியவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. வான் வ்லீட்டும் யான் டெர்க்சனும் அவருக்கு முன்பே உலகப் பட்டம் வென்றவர்கள். அவர்களுக்கு எதிராக எப்போது பாய்வது என்று தீர்மானிப்பது தலை, பாய்வது கால். ஃபிரேம் செய்யக்கூடியது ஒன்றே ஒன்று: அந்த உதையில் வளையாமல் இருப்பது. பெடல் அச்சு இருக்கும் அடிப்பகுதி நெளிந்தால் கால் கொடுக்கும் சக்தி கொஞ்சம் அங்கே வீணாகும், அவ்வளவுதான். ஹாரிஸின் ராலே, பர்மிங்ஹாமின் ரெனால்ட்ஸ் கம்பெனி தயாரித்த 531 என்ற எஃகுக் குழாயில் செய்தது. மாங்கனீசும் மாலிப்டினமும் கலந்த எஃகு, முனைகளில் தடிப்பாகவும் நடுவில் மெலிதாகவும் இழுத்த குழாய். அருமையான பொருள், சந்தேகமே இல்லை. ஆனால் 1935இலிருந்து அது சந்தையில் இருந்தது, பிரிட்டனின் நல்ல ஃபிரேம் கட்டுநர்கள் எல்லோரும் அதைத்தான் பயன்படுத்தினார்கள். ராலேயிடம் மட்டும் இருந்த மந்திரம் என்று எதுவும் இல்லை. ஒன்று சேர்த்துச் சொல்ல வேண்டும், அளவெடுத்து, கவனமாக, அவருடைய தேவைக்கே கட்டிய ஃபிரேம் கிடைப்பதும், எது பழுதானாலும் உடனே மாற்று கிடைப்பதும் ஒரு வீரருக்கு மனதளவில் எவ்வளவு நிம்மதி என்பதை ஓட்டியவர்களுக்குத் தெரியும். அந்த நிம்மதியைக் கம்பெனி கொடுத்தது.

கம்பெனிக்கு என்ன கிடைத்தது? "ரெஜ் ஓட்டுவது ராலே" என்ற ஒரு வரி. ஆங்கிலத்தில் மூன்று சொல்லும் ர-வில் தொடங்கும், சொல்லிப் பார்த்தால் நாக்கில் ஒட்டிக்கொள்ளும். சுவரொட்டி, பத்திரிகை, கடைக் கண்ணாடி என்று எங்கும் அது. யோசித்துப் பாருங்கள், அந்த விளம்பரத்தைப் பார்த்து யாரும் பிரேக் இல்லாத டிராக் சைக்கிளை வாங்கப் போவதில்லை. வாங்கப் போவது மூன்று கியர், மட்கார்டு, செயின் கவர், விளக்கு வைத்த கனமான கறுப்புச் சைக்கிள், ஆலைக்கும் சந்தைக்கும் போய்வர. நம் வீட்டுப் பெரியவர்கள் ராலே என்றதும் நினைப்பதும் அந்த சைக்கிளைத்தான். ஆனால் காலையில் ஆலை வாசலுக்கு அதை மிதித்துப் போகிறவருக்கு, உலக சாம்பியன் மிதிப்பதும் இதே பெயர்தான் என்ற பெருமிதம் இருக்கும். ஹாரிஸும் ஆலையில் வேலை பார்த்தவர் என்பதால் அந்தப் பெருமிதத்தில் பொய் இல்லை. 1951இல் ராலே ஒரே வருடத்தில் பத்து லட்சம் சைக்கிள் தயாரித்தது. அது முழுக்க ஹாரிஸால் என்று சொல்ல மாட்டேன், போருக்குப் பிந்தைய ஏற்றுமதிதான் பெரிய காரணம். ஆனால் அவர் தொடர்ந்து மூன்றாவது பட்டம் வென்ற வருடமும் அதுவே, இரண்டும் ஒரே நேரத்தில் உச்சத்தில் இருந்தன.

இறக்கமும் ஏறக்குறைய ஒன்றாகவே வந்தது. ஐம்பதுகளின் நடுவில் பிரிட்டனில் சாதாரணக் குடும்பங்கள் மோட்டார் சைக்கிளுக்கும் காருக்கும் மாறத் தொடங்கின, சைக்கிள் விற்பனை சரிந்தது, டிராக் பார்க்க வரும் கூட்டமும் குறைந்தது. ஹாரிஸ் 1955இல் தான் விழுந்து எழுந்து வளர்ந்த ஃபாலோஃபீல்டு மைதானத்தையே விலைக்கு வாங்கி ஹாரிஸ் ஸ்டேடியம் என்று பெயர் வைத்தார். அதே வருடம் இத்தாலியின் அன்டோனியோ மாஸ்பெஸ் என்ற இளைஞர் உலகப் பட்டத்தை எடுத்துக்கொண்டார், 1957இல் ஹாரிஸ் ஓய்வு பெற்றார். 1960இல் ராலேயே டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் என்ற பெரிய குழுமத்துக்குள் போய்விட்டது.

ஓய்வுக்குப் பின் அவர் தன் பெயரிலேயே சைக்கிள் தயாரிக்க ஆரம்பித்தார். உங்கள் கேள்விக்கு இதில் பாதிப் பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். நாலு முறை தொழில்முறை உலக சாம்பியன், நாடு முழுக்கத் தெரிந்த முகம், அவர் பெயரை மட்டும் வைத்துச் சைக்கிள் விற்க முடிந்திருக்க வேண்டும் அல்லவா? முடியவில்லை, சில வருடங்களில் மூடிவிட்டார்கள். சந்தையே சுருங்கிக்கொண்டிருந்த நேரம் அது, தவறு அவர் பக்கம் மட்டும் இல்லை. ஆனாலும் ஊருக்கு ஊர் கடை, பழுது பார்க்க ஆள், உதிரிப் பாகம், தவணைக்குக் கொடுக்க ஏற்பாடு என்று ராலே பல பத்தாண்டுகளாகக் கட்டி வைத்திருந்த வலை இல்லாமல் பெயர் மட்டும் தனியே நின்று விற்காது. அவர் வென்றது ராலேயால் இல்லை, ஆனால் அவர் வெற்றி இங்கிலாந்தின் ஒவ்வொரு தெருவுக்கும் போய்ச் சேர்ந்ததில் ராலேயின் கை பெரியது.

மீதிப் பாதிப் பதில் 1974இல் இருக்கிறது. எழுபதுகளின் தொடக்கத்தில் அவர் மறுபடி பயிற்சிக்கு வந்தார். ஐம்பதைத் தாண்டிய ஆள், ஏதோ ஆசைக்கு ஓட்டுகிறார் என்றுதான் பார்த்திருப்பார்கள். 1974இல் லெஸ்டர் டிராக்கில் பிரிட்டிஷ் தொழில்முறை ஸ்பிரின்ட் இறுதிப் போட்டியில் தன்னைவிடப் பல வயது இளைய டிரெவர் புல்லைத் தோற்கடித்து தேசிய சாம்பியன் ஆனார். வயது 54. போட்டியின் தரம் இறங்கிவிட்டது என்று சிலர் முணுமுணுத்தார்கள், அதில் உண்மையும் இருக்கலாம், அன்று பிரிட்டனில் தொழில்முறை ஸ்பிரின்டர்கள் மிகக் குறைவு. ஆனால் 54 வயதில் ஒருவர் அந்தச் சரிவில் நின்று, எதிராளியைப் பார்த்து, சரியான கணத்தில் பாய்ந்து, கடைசி 200 மீட்டரைத் தாக்குப்பிடிக்கிறார் என்றால் அதை எந்தக் கம்பெனி கொடுத்திருக்க முடியும்? அடுத்த வருடமும் இறுதிவரை வந்தார், அந்த முறை புல் வென்றார், இவருக்கு வெள்ளி.

அதற்கப்புறமும் சைக்கிளை விடவில்லை. 1992 ஜூனில் பக்கவாதத்தால் இறந்தார், 72 வயது. மான்செஸ்டரில் பிரிட்டனின் புதிய உள்ளரங்க வெலோட்ரோம், அதாவது சைக்கிள் பந்தய அரங்கு, 1994இல் திறக்கப்பட்டது, உள்ளே டிராக்கைப் பார்த்தபடி, ஹேண்டில்பாரின் மேல் குனிந்து பாய்கிற நிலையில் அவருடைய வெண்கலச் சிலை இருக்கிறது. அவர் ஒருகாலத்தில் விலைக்கு வாங்கிய பழைய ஃபாலோஃபீல்டு மைதானத்தை இடித்ததும் அதே 1994இல்தான்.